‘இங்க குடு, நானே பண்ணிடறேன்!’ - அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

“இங்க குடு, நானே பண்ணிடறேன்.”

இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர் யாராவது உண்டா? ரயில் டிக்கெட் எப்படி எடுப்பது என்று அம்மா மொபைலை நீட்டும்போது மகள் சொல்கிறாள். எக்செல் ஷீட்டில் தடுமாறும் புது டிரெய்னியிடம் சீனியர் சொல்கிறார். ஷூ லேஸோடு பத்து நிமிடமாக மல்லுக்கட்டும் யுகேஜி பையனிடம், ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும் பதற்றத்தில் அப்பா சொல்கிறார்.

மூவரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: நேரம் இல்லை. சொல்லிக்கொடுத்தால் 20 நிமிடம், நாமே செய்தால் 2 நிமிடம். கணக்கு சரிதான். ஆனால் அது ஒரு முறைக்கான கணக்கு. அடுத்த வாரமும் அதே கேள்வி வரும், அதே 2 நிமிடம் போகும். பதினொன்றாவது முறை கேட்கும்போது நம் நேரமும் நஷ்டம், பொறுமையும் நஷ்டம். “எத்தனை தடவைம்மா சொல்றது?” என்று எரிச்சல் வேறு வரும். உண்மையில் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க மாட்டோம். பத்து தடவை செய்து கொடுத்திருப்போம், அவ்வளவுதான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர்கள் பொதுவாக, “அவனுக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது” என்பார்கள். கோணல் எங்கே இருக்கிறது? கொஞ்சம் விலாவாரியாகப் பார்ப்போம்.

தட்டுகிறவருக்கு மட்டும் கேட்கும் பாட்டு

1990-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி எளிமையான ஒரு சோதனை செய்தார். பங்கேற்றவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார். ஒருவர், எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே மேசையில் விரலால் தாளம் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘ஹேப்பி பர்த்டே’ மாதிரி சுலபமான பாட்டுகள்தான்.

கேட்பவர்களில் பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது தட்டியவர்களின் கணிப்பு. தட்டப்பட்டவை 120 பாட்டுகள். கண்டுபிடிக்கப்பட்டவை 3.

தட்டுகிறவரின் மண்டைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது வெறும் ‘டக்... டக்டக்... டக்’. “இதுகூடத் தெரியலையா?” என்று ஒருவர் முழிக்கிறார். “என்னத்தைத் தட்டுறார் இவர்?” என்று இன்னொருவர் முழிக்கிறார்.

ஆபீஸில் தினமும் நடப்பது இதுதான். “ரொம்ப சிம்பிள். மாஸ்டர் ஷீட்ல இருந்து போன மாச டேட்டாவை எடு, வழக்கமான ஃபில்டர் போடு, சாருக்கு மெயில் தட்டிடு.” சொன்னவருக்கு இது தெளிவான உத்தரவு. கேட்ட டிரெய்னிக்கு? மாஸ்டர் ஷீட் என்ற பெயரில் ஃபோல்டரில் நான்கு ஃபைல் இருக்கிறது. வழக்கமான ஃபில்டர் என்ன என்பது, அந்த வழக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ‘சார்’ என்று கூப்பிட அந்தத் தளத்திலேயே ஆறு பேர் இருக்கிறார்கள்.

ஒரு விஷயம் நமக்குத் தெரிந்துவிட்டால், அது தெரியாமல் இருந்தபோது எப்படி இருந்தது என்பது மறந்துபோகிறது. காலின் கேமரர், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், மார்ட்டின் வெபர் ஆகிய மூவர் 1989-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதற்கு வைத்த பெயர் ‘அறிவின் சாபம்’. பெயர் கொஞ்சம் பயமுறுத்தினாலும் சொல்ல வருவது எளிமைதான்: ஒரு வேலையில் கில்லாடியாக இருப்பவர், அதைச் சொல்லிக்கொடுப்பதிலும் கில்லாடியாக இருப்பார் என்று சொல்ல முடியாது. சில நேரம் போன வருஷம் சேர்ந்த ஜூனியர், 15 வருஷ அனுபவசாலியைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

‘எலுமிச்சை அளவு’ என்றால் எவ்வளவு?

முதல் முறை வெளியூரில் தனியாக வீடு எடுத்துத் தங்கிச் சமைக்கத் தொடங்கியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. போனில் அம்மா: “எலுமிச்சை அளவு புளி எடுத்து ஊற வை. தக்காளியை பச்சை வாசனை போற வரைக்கும் வதக்கு. உப்பு பார்த்துப் போடு.”

எந்த எலுமிச்சை? கோயம்பேட்டில் ஒரு சைஸ், சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சைஸ். பச்சை வாசனை என்பது எது? அது ‘போய்விட்டது’ என்று யார் சொல்வார்கள்? எதைப் பார்த்து உப்புப் போடுவது?

அம்மா எதையும் மறைக்கவில்லை. அவருடைய அளவு கையிலும் கண்ணிலும் மூக்கிலும் இருக்கிறது, வாயில் இல்லை. நம் ஊரில் இதற்கு அழகான சொல்லே உண்டு: கைப்பக்குவம். ஹங்கேரியில் பிறந்த அறிஞர் மைக்கேல் போலானி, இந்த வகை அறிவைப் பற்றியே தனியாக யோசித்து எழுதியவர். சொல்ல முடிவதைவிட அதிகமாக நமக்குத் தெரிந்திருக்கிறது என்பது 1966-ல் வெளிவந்த அவருடைய ‘தி டேசிட் டைமென்ஷன்’ நூலின் மையக் கருத்து. அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று சைக்கிள். அது விழாமல் ஓடுவதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியலை, சைக்கிள் ஓட்டும் பெரும்பாலானோரால் விளக்க முடியாது. விளக்கம் மனப்பாடமாகத் தெரிந்தவரும் முதல் நாள் விழத்தான் செய்வார்.

நம் ஊர்ப் பிள்ளைகள் சைக்கிள் பழகிய விதத்தை நினைத்துப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. அதனால் பெரிய சைக்கிளின் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல். பிறகு யாராவது பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். “பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன், நேராப் பாரு!” என்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆள் இல்லை. அந்த இடத்தில் பாதிப் பேர் விழுந்திருப்பார்கள். ஆனால் சைக்கிள் வந்துவிட்டிருக்கும். அங்கே யாரும் விளக்கம் சொல்லவில்லை. பிடித்தார்கள், கூடவே ஓடினார்கள், நேரம் பார்த்து விட்டார்கள்.

போர்க்காலம் தந்த நான்கு படிகள்

சரி, கைப்பக்குவத்தை எல்லாம் முறையாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா? இந்தக் கேள்வி இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவுக்கு உயிர்ப் பிரச்சினையாக வந்தது. தொழில் தெரிந்தவர்கள் ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலைகளோ முன்னைவிடப் பல மடங்கு உற்பத்தி செய்தாக வேண்டும். வேலைக்கு வந்தவர்களில் பலர் அதுவரை தொழிற்சாலைக்குள் கால் வைக்காதவர்கள்.

1940-ல் ‘டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. தொழிலாளர்களுக்கு நேரடியாக அது தொழில் கற்றுக்கொடுக்கவில்லை. சூப்பர்வைசர்களுக்கு, ‘எப்படிக் கற்றுக்கொடுப்பது’ என்பதைக் கற்றுக்கொடுத்தது. போர் முடிந்த 1945-க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். போருக்குப் பிறகு இது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா தொழிற்சாலைகளில் வேலை பழக்கும் முறையில் இதன் தடம் உண்டு.

அந்தப் பயிற்சி வகுப்பில் ஒரு சுவாரஸ்யமான செய்முறை இருந்தது. மின்விளக்கு ஒயரில் போடும் ஒரு சிறப்பு முடிச்சை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும். முதலில் பயிற்சியாளர் வாயால் மட்டும் சொல்வார்: “வலது கை ஒயரை இப்படி வளைத்து, இடது ஒயருக்கு முன்னால் கொண்டுவந்து...” கேட்பவரால் போட முடியாது. அடுத்து, வாயைத் திறக்காமல் செய்து மட்டும் காட்டுவார். அப்போதும் வராது. மூன்றாவதாக, நான்கு படி முறையில் கற்றுக்கொடுப்பார். முடிச்சு விழும்.

அந்த நான்கு படிகள் இவை. உதாரணத்துக்கு நம் வீட்டு ரசத்தையே வைத்துக்கொள்வோம்.

1. ஆளைத் தயார்படுத்துவது. படபடப்பைக் குறைப்பது, ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, சரியான இடத்தில் நிறுத்துவது. சரியான இடம் என்பது சின்ன விஷயம் இல்லை. எதிரில் நின்று செய்து காட்டினால் வலது இடதாகத் தெரியும். பக்கத்தில் நிற்க வைக்க வேண்டும். “புளி கரைக்கத் தெரியுமா? தெரியும்னா அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போவோம்.”

2. செய்து காட்டுவது. ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும். ஒவ்வொரு படியிலும் அதன் ‘சூட்சுமம்’ என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரசத்தில் கடைசிப் படி, அடுப்பில் இருந்து இறக்குவது. சூட்சுமம், நுரை கட்டி மேலே எழும்பும்போதே இறக்குவது. காரணம், தளதளவென்று கொதித்தால் வாசனை போய்விடும். ‘பார்த்து இறக்கு’ என்பதற்கும் ‘நுரை கட்டினதும் இறக்கு’ என்பதற்கும் இருக்கும் வித்தியாசம்தான் மொத்த விஷயமும்.

3. செய்ய வைப்பது. கற்றுக்கொள்பவர் தானே செய்ய வேண்டும். தப்பு வந்தால் அப்போதே திருத்த வேண்டும். மறுபடி செய்யும்போது, எதை ஏன் செய்கிறோம் என்று அவரே வாயால் சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும்.

4. தனியே விட்டு, எட்டிப் பார்ப்பது. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது. முதலில் அடிக்கடி எட்டிப் பார்ப்பது, பிறகு போகப்போகக் குறைத்துக்கொள்வது.

சூப்பர்வைசர்களின் சட்டைப் பைக்குள் அடங்கும்படி ஒரு சிறிய அட்டையில் இவற்றை அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியின் அடிப்படை விதி கொஞ்சம் உறைக்கும்: கற்றுக்கொள்பவருக்கு வரவில்லை என்றால், கற்றுக்கொடுத்தவர் இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். ‘மண்டையில ஏறல’ என்ற சாக்குக்கு அங்கே இடமே இல்லை.

நம்மில் பெரும்பாலானோர் இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகிறோம். மடமடவென்று செய்து காட்டிவிட்டு, “பார்த்தல்ல? இவ்ளோதான்” என்று எழுந்து போகிறோம். மூன்றாவது படியில் எதிராளி தட்டுத் தடுமாறும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கை பரபரக்கும். அங்கேதான் “இங்க குடு” வந்துவிடுகிறது.

‘புரியுதா?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்?

“புரியுது சார்.” வேறென்ன வரும்?

மாமியார் கேட்டாலும் சரி, மேனேஜர் கேட்டாலும் சரி, பதில் இதுதான். புரியவில்லை என்று சொன்னால் தன்னை மட்டம் என்று நினைப்பார்களோ, மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பாரோ என்ற இரண்டு பயம் போதும். தலை தானாக ஆடும்.

இதில் பொய்யே இல்லாமலும் இருக்கலாம். புரிந்துவிட்டதாக அவரே உண்மையில் நம்பிக்கொண்டிருக்கலாம். லியோனிட் ரோசன்ப்ளிட், ஃபிராங்க் கீல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. ஜிப், ஃபிளஷ் டாய்லெட் போன்ற அன்றாடப் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும், மார்க் போடுங்கள் என்றார்கள். எல்லாரும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். “சரி, இப்போது படிப்படியாக விளக்கி எழுதுங்கள்” என்றதும் பேனா நின்றது. மறுபடி மார்க் போடச் சொன்னபோது, அவர்களே தங்கள் மார்க்கைக் குறைத்துக்கொண்டார்கள். சந்தேகம் இருந்தால், ஜிப்பின் இரண்டு வரிசைப் பற்களை அந்தச் சின்ன இழுப்பான் எப்படிச் சேர்க்கிறது என்று இப்போதே யாருக்காவது விளக்கிப் பாருங்கள்.

எனவே ‘புரியுதா?’ என்பதைவிட நல்ல கேள்வி, ‘இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, முதல்ல என்ன செய்வீங்க?’ மருத்துவத் துறையில் இது ஒரு முறையாகவே பழகப்படுகிறது. எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன், எதைப் பின் என்று சொன்ன பிறகு, நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். “நான் தெளிவாச் சொன்னேனான்னு பார்க்கத்தான் கேட்கிறேன்” என்று சேர்த்துச் சொன்னால் பரீட்சை வைப்பது மாதிரியும் இருக்காது.

திருப்பிச் சொல்ல வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகியோர் 2006-ல் நடத்திய ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நாம் மூன்று முறை விளக்குவதைவிட, அவர் ஒரு முறை தானாக நினைவுகூர்ந்து செய்வது அதிக நாள் நிற்கும்.

ஆபீஸில்: கே.டி. என்னும் சடங்கு

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு ‘கே.டி.’ தெரியும். வேலையை விட்டுப் போகிறவர், வரப்போகிறவருக்கு அறிவை ‘டிரான்ஸ்ஃபர்’ செய்ய வேண்டும். நோட்டீஸ் பீரியட் இரண்டு, மூன்று மாதம் இருக்கும். கே.டி. நடப்பது என்னவோ கடைசி வாரத்தில். ஒருவர் ஸ்கிரீன் ஷேர் போட்டு இரண்டு மணி நேரம் பேசுவார். மற்றவர் மைக்கை மியூட்டில் போட்டுக் கேட்பார். எல்லாம் ரெக்கார்டு ஆகும். அந்த ரெக்கார்டிங்கை யாரும் திறக்க மாட்டார்கள். முதல் பிரச்சினை வந்த அன்று, புதிய கம்பெனியில் சேர்ந்து ஐடி கார்டுகூட வாங்காத பழையவருக்கு வாட்ஸ்அப் போகும்: “ப்ரோ, ஒரு சின்ன டவுட்.”

நான்கு படிக் கணக்கில் பார்த்தால், கே.டி.யில் நடப்பது இரண்டாவது படி மட்டும்தான். முதல் வாரத்திலேயே பழையவர் கீபோர்டை விட்டுவிட்டு, புதியவர் வேலையைச் செய்ய, பழையவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மீதிப் படிகளும் நடந்துவிடும். வரும் சந்தேகங்கள் எல்லாம் ஆள் இருக்கும்போதே வந்துவிடும்.

இதில் இன்னொரு சிக்கல், பயம். ஹார்வர்டு பேராசிரியை எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கெடுத்தபோது நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறு பதிவாகி இருந்தது. காரணம், அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பது இல்லை. நடந்த தவறை வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் திட்டு விழுமே என்று வாயைத் திறக்கவில்லை.

“இதைக்கூடவா கேட்பே?” என்று ஒரு முறை சொன்னால் போதும். அந்த டிரெய்னி அடுத்த முறை கேட்க மாட்டார். கேட்காமல் தானாக ஒன்றைச் செய்வார். அது கிளையன்ட்டுக்குப் போன பிறகுதான் நமக்குத் தெரியவரும். சொல்லிக்கொடுப்பவரின் முகத்தில் தெரியும் எரிச்சலுக்கு இப்படி ஒரு விலை இருக்கிறது.

வீட்டில்: ‘இங்க குடு’ உண்மையில் எதைக் கற்றுக்கொடுக்கிறது?

ஆபீஸில் தப்பு நடந்தால் ஒரு மெயில், ஒரு திட்டு, ஒரு திருத்தம். வீட்டில் இதே பழக்கம் இன்னும் பெரிய இடத்தில் கை வைக்கிறது.

யுபிஐ 2016-ல் வந்தது. இன்று கீரைக்கட்டு வாங்கவும் போன் வேண்டும். வீட்டுக்கு வீடு இளசுகள்தான் டீச்சர், பெரியவர்கள் ஸ்டூடன்ட். பாடம் நடக்கும் விதம் இப்படி இருக்கும்:

“தம்பி, கரன்ட் பில் எப்படிக் கட்டுறதுடா?”

“இங்க குடும்மா. பின் நம்பர் என்ன? சரி... முடிஞ்சுது.”

அம்மா இதில் என்ன கற்றுக்கொண்டார்? கரன்ட் பில் கட்டுவதை இல்லை. குழப்பம் வந்தால் போனை விவரம் தெரிந்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும், கேட்டால் பின் நம்பரைச் சொல்லிவிட வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டார். பிள்ளையே பத்து முறை பழக்கிவிட்டான்.

இனி ஒரு நாள் போன் வருகிறது. மரியாதையான குரல். “அம்மா, பேங்க்ல இருந்து பேசுறேன். உங்க அக்கவுன்ட் பிளாக் ஆகப் போகுது. பதற்றப்படாதீங்க, நான் சொல்ற ஆப்பை மட்டும் இறக்குங்க, மீதியை நானே பண்ணிடறேன்.” அதே வாக்கியம்! ஏடிஎம் வாசலில் உதவிக்கு வரும் அறிமுகம் இல்லாதவரும் இதைத்தான் சொல்வார். மோசடிக்காரர் புதிதாக எதையும் பழக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே பழகிய பழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

அதனால் பெரியவர்களுக்குச் சொல்லித்தரும்போது ஒரே ஒரு கறார் விதி போதும்: போன் அவர்கள் கையை விட்டு வரக் கூடாது. நம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் வழி சொல்ல வேண்டும். அவர்கள் பின் நம்பர் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். “பின் நம்பரை எனக்கும் சொல்லாதீங்கம்மா” என்று பெற்ற பிள்ளையே சொல்லிவிட்டால், நாளைக்கு எந்த ‘பேங்க் மேனேஜர்’ கேட்டாலும் அவர் யோசிப்பார்.

சூட்சுமத்தைச் சொல்லும் இரண்டாவது படியையும் மறக்கக் கூடாது. ‘ஜாக்கிரதையா இருங்க’ என்பது ‘உப்பு பார்த்துப் போடு’ மாதிரிதான். அதைப் பிடித்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. இப்படிச் சொல்லலாம்: “உங்களுக்குப் பணம் வரணும்னா பின் நம்பர் போடவே வேண்டாம். பணம் வாங்க கியூஆர் ஸ்கேன் பண்ணவும் வேண்டாம். யாராவது அப்படிச் செய்யச் சொன்னா, அது உங்க பணம் வெளிய போறதுக்கு.” இது நுரை கட்டினதும் இறக்கு என்பது மாதிரி. கண்ணுக்குத் தெரிகிற அடையாளம்.

நான்காவது படி, யாரைக் கேட்பது என்பது. தவறு நடந்துவிட்டால் சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930. உடனே கூப்பிட்டால்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். பலரும் தாமதிப்பது எண் தெரியாததால் மட்டும் இல்லை. “பையன் கத்துவானே” என்ற பயத்தில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் மருகுவதும் நடக்கிறது. ஆபீஸ் டிரெய்னியின் அதே பயம்தான், இப்போது அம்மாவுக்கு. போன மாதம் போட்டோவை குடும்ப குரூப்பில் தவறாக அனுப்பியபோது நாம் எரிந்து விழுந்த விதம், நாளைக்கு அவர் நம்மிடம் உடனே சொல்வாரா, மறைப்பாரா என்பதை முடிவு செய்கிறது.

சாரத்தை எப்போது அவிழ்ப்பது?

கட்டடம் கட்டும் இடங்களில் சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டிச் சாரம் போடுவார்கள். சாரம் இல்லாமல் சுவர் எழும்பாது. சுவர் எழும்பிய பிறகும் சாரத்தை அவிழ்க்காமல் இருந்தால் வீட்டில் குடியேற முடியாது.

கற்பித்தலுக்கும் இதே உவமையைத்தான் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர் 1976-ல் பயன்படுத்தினார்கள். 3, 4, 5 வயதில் மொத்தம் 30 குழந்தைகள். ஒன்றோடு ஒன்று பொருந்தும் 21 மரக்கட்டைகளை வைத்து ஒரு பிரமிடு கட்ட வேண்டும். சொல்லித்தருபவர் எப்போது கை கொடுக்கிறார், எப்போது சும்மா இருக்கிறார் என்று கவனித்தார்கள். குழந்தையால் எது தனியாக முடியாதோ அதை மட்டும் பார்த்துக்கொண்டு, மற்றதைக் குழந்தையிடமே விடுவது என்பது அவர்கள் விளக்கிய ‘சார’த்தின் உள்ளடக்கம். இந்த வழியில் பிறகு வந்த ஆய்வுகள் ஒரு எளிய சூத்திரத்துக்கு வந்தன: தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டு, சரியாகச் செய்தால் ஒரு படி குறை.

டிரைவிங் ஸ்கூல் கார்கள் இதற்கு நல்ல உதாரணம். மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஸ்டீயரிங் உங்கள் கையில். முதல் நாள் அவர் கால் பிரேக்கிலேயே இருக்கும். பத்தாவது நாள், லாரி குறுக்கே வந்தால் மட்டும் அழுத்துவார். எல்எல்ஆர் வாங்கியவர் தனியாகக் காரை எடுக்கக் கூடாது, உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த ஆறு மாதத்துக்குத்தான் எல்எல்ஆர் செல்லும். வாழ்நாள் முழுக்க ‘எல்’ போர்டோடு ஓட்ட யாரையும் விடுவதில்லை.

ஆபீஸிலும் வீட்டிலும் இந்தக் கெடு இல்லாததுதான் பிரச்சினை. மூன்று வருடம் ஆன பிறகும் ஜூனியரின் ஒவ்வொரு மெயிலையும் பார்த்துத் திருத்தும் மேனேஜர்கள் உண்டு. கல்லூரி போகும் பிள்ளைக்குத் தட்டில் மீன் முள் எடுத்து வைக்கும் அம்மாக்களும் உண்டு. இதில் அன்பு இருக்கிறது. கூடவே, நான் இல்லாமல் இவர்களால் முடியாது என்ற சின்னச் சந்தோஷமும் ஒளிந்திருக்கிறது. அதை விடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

நாளைக்கே செய்து பார்க்க சில வழிகள்

* சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், மவுஸும் மொபைலும் கரண்டியும் கற்றுக்கொள்பவர் கையில் இருக்கட்டும்.
* எதிரில் உட்காராதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.
* ஒரு நேரத்தில் ஒரு விஷயம். கரன்ட் பில் கட்டச் சொல்லித்தரும்போது டிக்கெட் புக்கிங்கும் சேர்த்து வேண்டாம்.
* ‘பார்த்துச் செய்’ என்று சொல்ல வரும்போது நிறுத்துங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.
* ‘புரியுதா?’ வேண்டாம். ‘அடுத்து என்ன செய்வீங்க?’ என்று கேளுங்கள்.
* அவசரத்தில் பாடம் எடுக்காதீர்கள். வேன் ஹாரன் அடிக்கும்போது லேஸை நீங்களே கட்டிவிடுங்கள். சனிக்கிழமை சாவகாசமாகப் பையனிடம் கொடுங்கள்.
* அவர் தடுமாறும்போது மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழு வருவதற்குள் அவரே கண்டுபிடித்துவிடுவார்.
* அவரே எழுதிய குறிப்பு, நீங்கள் எழுதிய குறிப்பைவிடப் பயன்படும். அம்மாவின் டைரியில் ‘நீலக் கலர் அம்புக்குறியை அமுக்கணும்’ என்று இருந்தால், அதுதான் சரியான பாஷை.

கற்றுக்கொடுத்தது பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வழி சுலபம். ஒரு வாரம் லீவு போட்டுப் பாருங்கள். ஆபீஸில் இருந்து அழைப்பு வரவில்லை என்றால் ஜூனியர் தேறிவிட்டார். வீட்டில் இருந்து, “டேய், இந்த மாசம் கரன்ட் பில் நானே கட்டிட்டேன்” என்று அம்மா போன் செய்தால், அன்றைக்கு நீங்கள் நல்ல வாத்தியார்.